ஃபியூஸ் போகவில்லை என்றார்கள்

பத்மாவதி டீச்சர் இறந்துபோன செய்தியை எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. போளூரிலிருந்து வந்து ஆரணி பஸ் நிலையத்தில் இறங்கினேன். டீக்கடைக்கு மேலே புதிதாக ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். கல்யாண பேனர் என்று நினைத்து நிமிர்ந்தால் டீச்சரின் முகம். நேற்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள் என்றார் டீக்கடைக்காரர். சிறுநீரகம் பழுதாகி அவர் படுத்திருந்தது எனக்குத் தெரியும். போன மாதம்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதனால் அந்தச் சாவு என்னை நிலைகுலைய வைக்கவில்லை. பேனரில் இருந்த வரிதான் நிலைகுலைய வைத்தது. ‘அமைதியின் இருப்பிடமே, அதிர்ந்து பேசாத அன்புருவே’ என்று எழுதியிருந்தார்கள்.

அதிர்ந்து பேசாதவரா? யார் எழுதிய வரி இது? கீழே அவருடைய அண்ணன் பெயரும் அண்ணன் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. அந்த அண்ணன் டீச்சரோடு பல வருடங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததே அவர் அதிர்ந்து பேசியதால்தான்.

பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கும் போயிருந்தேன். பேசிய ஒவ்வொருவரும் அவர் யார் மனதையும் புண்படுத்தாதவர் என்றார்கள். எனக்குப் பேச நேரம் இல்லை என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர்களே, அவரிடம் படித்தவர்களே, அவர் புண்படுத்தினார். புண்படுத்த வேண்டியவர்களைத் தேடிப் போய்ப் புண்படுத்தினார். அதை மறைத்துவிட்டு அவருக்கு மாலை போட்டால், அந்த மாலை வேறு யாருக்கோ போடுவது.

நான் அந்தப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. அவர் இயற்பியல். என்னை அவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, ‘தமிழம்மா’தான். ஆரணியிலேயே பிறந்தவர். அப்பா தறிக்காரர், அண்ணன் பட்டுச்சேலை வியாபாரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் அம்மீட்டரைப் பார்த்து “ஏதோ ரெண்டு கிட்ட வருது மிஸ்” என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்த வகுப்பே நின்றுகொண்டுதான் இருக்கும். “ஏதோன்னா இன்னா? முள்ளு எங்க நிக்குதுன்னு சொல்லு” என்பார். ஏதோ, சுமார், அப்படித்தான், விதி. இந்தச் சொற்களைக் கேட்டாலே அவர் முகம் சுருங்கிப்போகும்.

தொண்ணூறுகளின் பின்பகுதியில் ஓர் ஆடி மாதம். என் ஒன்பதாம் வகுப்பில் மல்லிகா என்ற பெண் பல நாட்களாக வரவில்லை. அவள் அம்மா செல்வி, ஊர் ஓரத்துக் காலனியிலிருந்து ஒரு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த பட்டு நூலைத் தொட்டித் தண்ணீரில் அலசுவது அவள் வேலை. அலசிக்கொண்டிருந்தபோதே கீழே விழுந்து செத்துப்போனாள் என்று கேள்விப்பட்டோம். வலிப்பு வந்துவிட்டது என்றார்கள்.

மல்லிகா திரும்பி வந்த அன்று, அவள் பெஞ்சில் இருந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வலிப்பு ரத்தத்தில் வரும், அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் உண்டு என்று அவர்கள் வீடுகளில் பேசியிருக்கிறார்கள். நான் அந்தப் பெண்களைத் திட்டிவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்து இதைப் பொதுவாகச் சொன்னேன். எல்லோரும் ‘ஐயோ பாவம்’ என்றார்கள். பத்மாவதி டீச்சர் மட்டும் கையிலிருந்த விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “விழறதுக்கு முன்னாடி அந்தம்மா எதைப் பிடிச்சிகினு இருந்தாங்க?”

எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு காலனிக்குப் போனார். செல்வியின் கணவர் கோவிந்தன் வாசலில் உட்கார்ந்திருந்தார். கழனி வேலைக்குப் போகிறவர். இரண்டு டீச்சர்கள் வந்து நிற்பதைப் பார்த்து எழுந்தவர், நாங்கள் திரும்பும்வரை உட்காரவே இல்லை. அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் அதே பட்டறையில்தான் வேலை செய்தாள். அவள்தான் எங்களைத் தன் வீட்டுக்குள் அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள்.

“தண்ணி மோட்டார் குழாய தொட்டாலே சுர்ருங்கும்மா. நாங்க சொல்லிகினேதான் இருந்தோம். செருப்ப போட்டுகினு தொடு, ஒண்ணும் ஆவாதுன்னாரு மேஸ்திரி. அன்னிக்கு செல்வி ஈரக்கையோட, வெறுங்கால்ல நின்னுகினு குழாய பிடிச்சிட்டா. பிடிச்சவ உடல அம்மா. உடம்பு உதறுது, கை மட்டும் உடல.”

அந்த உதறலைத்தான் வலிப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். மோட்டாரை மறுநாளே கழற்றி மாற்றிவிட்டார்கள். உடற்கூறு அறிக்கையில் இதயம் நின்று மரணம் என்று இருந்தது. கையில் தீக்காயம் இல்லை. ஈரத்தோல் பல நேரம் கருகுவதில்லை என்று டீச்சர் பிறகு எனக்குச் சொன்னார். பட்டறை முதலாளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரும் இப்போது இல்லை. அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். கரண்ட் அடித்திருந்தால் ஃபியூஸ் போயிருக்க வேண்டும், ஃபியூஸ் போகவில்லை. அதே குழாயை எல்லோரும்தான் தொட்டார்கள், மற்ற யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே கோளாறு குழாயில் இல்லை, அவள் உடம்பில். இதை அவர் சொன்னார், மேஸ்திரி சொன்னார், அவர்கள் வீட்டுக்குப் பட்டு வாங்க வந்தவர்கள் சொன்னார்கள். கொஞ்ச நாளில் ஊரே சொல்லிற்று. படித்தவர்களும் சொன்னார்கள். அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் கரும்பலகைக்கு முன் என்னை உட்காரவைத்தார். “உங்களுக்குப் புரிஞ்சிட்டா ஊருக்கே புரிஞ்சிடும் தமிழம்மா” என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை, அது உண்மைதான். மின்னழுத்தம் இருநூற்று முப்பது வோல்ட். அது கன்னியம்மா தொட்டபோதும் அதே, செல்வி தொட்டபோதும் அதே. மாறியது உடம்பின் தடை. உலர்ந்த கை, காலில் ரப்பர் செருப்பு என்றால் தடை ஐம்பதாயிரம் ஓமுக்குக் குறையாது. இருநூற்று முப்பதை ஐம்பதாயிரத்தால் வகுத்தால் கிடைக்கிற மின்னோட்டம் ஓர் ஆம்பியரை ஆயிரமாகப் பிரித்து அதில் ஐந்து பங்குகூட இல்லை. ‘சுர்’ என்று இருக்கும், கையை எடுத்துவிடலாம். சோப்புத் தண்ணீரில் ஊறிய கை, ஈரத் தரையில் வெறுங்கால் என்றால் தடை ஆயிரத்து ஐந்நூறு ஓமுக்கு வந்துவிடும். இப்போது வகுத்தால் ஓர் ஆம்பியரில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு. கை குழாயை விடாது. இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும்.

பிறகு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினார். அதுதான் திறன். முப்பத்தைந்து வாட்டுக்குப் பக்கத்தில் வந்தது. எழுதிவிட்டு அவர் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே உடைத்தார்.

“ஒரு நாப்பது வாட் பல்புக்குக்கூடப் பத்தாத கரண்ட்டு, தமிழம்மா. அவ்ளோதான் தேவைப்பட்டுது.”

கோவிந்தனை வேலூரில் தொழிலாளர் இழப்பீட்டுக்கு மனு போடவைத்தது டீச்சர்தான். வக்கீலைப் பிடித்துக்கொடுத்ததும் அவர்தான். கோவிந்தன் இழப்பீட்டைப் பற்றி அதிகம் பேசியதில்லை. என் பொண்ணுக்கு வலிப்பு இல்லன்னு யாராவது சொன்னா போதும்மா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

விசாரணை தேதி விழுவதற்குள் காலாண்டுத் தேர்வு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் வினாத்தாளில் டீச்சர் ஒரு கணக்கு கொடுத்திருந்தார். ஓர் உலோகக் குழாயில் 230 வோல்ட் கசிகிறது. ஈரத் தரையில் நின்று அதைத் தொடுபவரின் தடை 1500 ஓம். உடலில் பாயும் மின்னோட்டம் எவ்வளவு, செலவாகும் திறன் எவ்வளவு, அந்த இணைப்பில் உள்ள 30 ஆம்பியர் ஃபியூஸ் உருகுமா, காரணம் கூறு. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் தேர்வு முடிந்து பெண்கள் வீட்டுக்குப் போவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அந்த முதலாளிதான் எங்கள் பள்ளிக்கு மேடை கட்டிக்கொடுத்தவர். அவர் மகளும் அந்த வகுப்பில்தான் படித்தாள்.

தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, இந்தக் கேள்வி தேவையா என்று கேட்டார். நானும் கூட இருந்தேன். பாடத்திட்டத்துக்குள்தான் இருக்கிறது, வேண்டுமானால் பக்கத்தைக் காட்டுகிறேன் என்றார் டீச்சர். அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார், அந்தக் குழந்தையின் மனசு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா என்று. டீச்சர் கட்டிலிருந்து ஒரு விடைத்தாளை உருவி மேசைமேல் வைத்தார். முதலாளி மகளின் விடைத்தாள். ஒரு வரி விடாமல் போட்டிருந்தாள். கடைசியில் ‘உருகாது’ என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள். முழு மதிப்பெண்.

“அந்தக் கொழந்தைக்குப் புரிஞ்சிருக்குதுங்க. பெரியவங்களுக்குத்தான் புரியல” என்று சொல்லிவிட்டு டீச்சர் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் தொடங்கிற்று. அண்ணனின் பட்டு முழுவதும் அந்தப் பட்டறையில்தான் சாயம் ஏறிக்கொண்டிருந்தது. இனிமேல் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்று, நம்ம ஜனத்துக்குள்ளேயே நீ கல்லெறிகிறாய் என்று கத்தினார். அப்போ செல்வி எந்த ஜனம் என்று டீச்சர் கேட்டாராம். பதில் இல்லாதவர்கள் செய்வதை அவரும் செய்தார், பேச்சை நிறுத்திக்கொண்டார். டீச்சர் படுக்கையில் விழுந்த பிறகுதான் வந்து பார்த்தார். இப்போது அமைதியின் இருப்பிடம் என்று அச்சடித்து ஊரெல்லாம் கட்டியிருக்கிறார்.

வேலூர் விசாரணைக்கு நானும் போனேன். சின்ன அறை, மின்விசிறி சத்தம், விசாரணை அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற மனிதர். கன்னியம்மா வருவாளோ மாட்டாளோ என்று எங்களுக்குப் பயம். அவள் வந்தாள். குழாய் ‘சுர்’ என்றதையும் மேஸ்திரி செருப்புப் போடச் சொன்னதையும் சொன்னாள். பழைய மோட்டாரைக் கழற்றிய எலெக்ட்ரீஷியன், டீச்சரிடம் முன்பே சொன்னபடி, எர்த் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திருகாணிதான் இருந்தது என்றும், ஃபியூஸில் முப்பது ஆம்பியர் தாங்குகிற தடித்த கம்பி சுற்றியிருந்தது என்றும் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு டீச்சரைக் கூப்பிட்டார்கள்.

முதலாளியின் வக்கீல், நீங்கள் எஞ்சினியரா என்று கேட்டார். இல்லை, எஞ்சினியருக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறவள் என்றார் டீச்சர். சம்பவ இடத்தில் இல்லாத உங்களுக்கு இறந்தவரின் உடல் தடை ஆயிரத்து ஐந்நூறு என்று எப்படித் தெரியும் என்றார் வக்கீல். அது நியாயமான கேள்வி. டீச்சரும் அதற்குக் கோபப்படவில்லை. துல்லியமாகச் சொல்ல முடியாது, ஈரக்கையும் ஈரக்காலும் என்றால் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் இருக்கும், உங்களுக்குச் சாதகமாக இரண்டாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் வருகிற மின்னோட்டம் ஆளைக் கொல்லப் போதும் என்று வகுத்துக் காட்டினார். அதிகாரி அதைத் தானும் ஒரு தாளில் வகுத்துப் பார்த்துக்கொண்டார்.

பிறகு வக்கீல் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். ஃபியூஸ் என்பதே ஆபத்து வந்தால் போவதற்காகத்தான் இருக்கிறது. அது போகவில்லை என்றால் மின்சாரம் பாயவில்லை என்றுதானே அர்த்தம் என்றார். அந்த அறையில் இருந்த பலருக்கும் அது சரி என்றே பட்டிருக்கும். எனக்கே கரும்பலகைப் பாடம் இல்லாவிட்டால் சரி என்றுதான் பட்டிருக்கும்.

டீச்சர் வக்கீலைப் பார்த்துக் கேட்டார். “உங்க வீட்டுல நாப்பது வாட் பல்பு போட்டா ஃபியூஸ் போவுதுங்களா?”

போகாது என்றார் வக்கீல்.

“அந்தப் பல்புல போற கரண்ட்டைவிடக் கம்மியான கரண்ட்டுதான் செல்வி உடம்புல போச்சி. ஃபியூஸ் கம்பியைக் காப்பாத்தும், மோட்டாரைக் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்தறது எர்த்து. அதைத்தான் நீங்க போடல.” குரல் உயர்ந்தது. “உங்க ஃபியூஸ் போவணும்னா, செல்வி மாதிரி இருநூறு பேரு ஒரே நேரத்துல அந்தக் குழாயைப் பிடிச்சிருக்கணுங்க. இருநூறு பொம்பளைங்க செத்து விழுந்தப்புறம்தான் அது போயிருக்கும்.”

அதிகாரி அவரைக் குரலைத் தாழ்த்திப் பேசச் சொன்னார். டீச்சர் தாழ்த்தவில்லை. தாழ்த்திப் பேசற விஷயம் இல்லைங்க இது என்றார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கோவிந்தன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வோல்ட்டும் தெரியாது, ஓமும் தெரியாது. இருநூறு பேர் என்றது மட்டும் புரிந்தது. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, செல்வி செத்த பிறகு முதல் முறையாக, அத்தனை பேர் முன்னாலும் அழுதார்.

தீர்ப்பு கோவிந்தன் பக்கம் வந்தது. மின்கசிவால் மரணம் என்று எழுத்தில் வந்தது. நீங்கள் நினைக்கலாம், எல்லாம் நல்லபடி முடிந்தது என்று. கன்னியம்மாவுக்கு எந்தப் பட்டறையிலும் வேலை கொடுக்கவில்லை; அரிசி மில்லில் தவிடு வாரப் போனாள். டீச்சருக்குக் கல்வியாண்டின் நடுவில் மாற்றல் உத்தரவு வந்தது. ‘நிர்வாகக் காரணம்’ என்று போட்டிருந்தார்கள். அந்த இரண்டு சொற்களுக்கு நானும் தமிழ் அகராதியில் பொருள் தேடிப் பார்த்திருக்கிறேன். ஓம் விதிக்கு இருக்கிற நேர்மை அதற்கு இல்லை. செய்யாறு தாண்டி ஒரு கிராமப் பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும். ஓய்வு பெறும்வரை போய் வந்தார். கடைசி வருடங்களில் அந்தச் சாலையில் தொழிற்சாலை ஆட்களுக்கான கம்பெனி பஸ்கள் பாதி காலியாகப் போகும். டீச்சர் ஊர் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றுகொண்டே இருப்பார். மனு போட்டால் ஆரணிக்கே திரும்ப வரலாம் என்று நான் சொன்னேன். தப்பு செய்தவன்தான் மனு போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இரங்கல் கூட்டத்தில் இந்த மாற்றலைப் பற்றி ஒருவர் பேசினார். கிராமத்து மாணவிகளுக்குச் சேவை செய்யவேண்டும் என்று அவரே விரும்பிப் போனாராம். மேடையிலேயே சொன்னார். அந்த மேடை யார் கட்டிக்கொடுத்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

ஊர் வாய் தீர்ப்புக்கெல்லாம் அடங்காது. மல்லிகாவுக்குச் சந்தவாசலில் வரன் பார்த்தபோது, பையன் வீட்டார் காதுக்கும் வலிப்புக் கதை போயிருந்தது. டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்த வீட்டுக்கே போய்விட்டார். காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. வோல்ட், ஓம், ஈரக்கை, உலர்ந்த கை என்று வீட்டில் இருந்த சுவிட்சு, பல்பு எல்லாவற்றையும் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறார். கடைசியில் பையனின் அம்மா, போதும்மா, நம்பறோம், சாப்பிட வாங்க என்று கும்பிட்டாளாம். நம்பினால் போதாது, புரிந்ததா என்று டீச்சர் கேட்டிருக்கிறார். புரிந்தது என்று அந்த அம்மா ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் இலையில் உட்கார்ந்தார். மல்லிகாவே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு இப்போது இரண்டு பெண் குழந்தைகள்.

கடைசியாக நான் பார்த்தபோது டீச்சர் மிகவும் மெலிந்திருந்தார். பழைய கதையெல்லாம் பேசினோம். இத்தனை பகையைச் சம்பாதித்தீர்களே, என்றாவது வருத்தப்பட்டது உண்டா என்று கேட்டேன். “அழறதுன்னா வகுத்துப் பாத்துட்டு அழணும், தமிழம்மா. நம்ம ஊருல வகுக்காமலே அழுதுட்டு எழுந்து போயிடறாங்க” என்றார்.

எனக்கு இயற்பியல் வராது. அவர் போட்ட கணக்குகளில் அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. ஆனால் அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது இறந்துவிட்டார் என்று சொன்னால், ‘ஐயோ’ என்பதற்கு முன்னால் ‘எப்படி’ என்று கேட்கிறேன். பலருக்கு இது பிடிப்பதில்லை. துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா என்கிறார்கள். துக்க வீட்டில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

டீச்சரின் காரியம் முடிந்த வாரம், எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் வந்து சொன்னார். பக்கத்து அரிசி மில்லில் மூட்டை தூக்குகிற ஒருவர் வேலை நேரத்திலேயே தலைசுற்றி விழுந்து செத்துப்போனாராம். எங்கே விழுந்தார், கையில் எதைப் பிடித்திருந்தார், தரை ஈரமா, காலில் செருப்பு இருந்ததா என்று கேட்டேன். அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? போனவன் போயிட்டான்.”

பால் பாத்திரத்தைக் கீழே வைக்கச் சொன்னேன். உட்காருங்க, முதல்லருந்து சொல்லுங்க என்றேன்.